காவிரிக்கரை ஏரிகளும் சதுப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி, ஏரி, பறவை என்று பேச்செடுத்தால் டீக்கடையிலும் கிராம சபையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரியில் பதில் முடிந்துவிடும், சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஈரநிலம் என்கிறார்களே, எங்கள் ஊர் ஏரியும் அதில் சேருமா?

சேரும். வருஷத்தில் சில மாதமாவது தண்ணீர் நின்று, அந்தத் தண்ணீரை நம்பிச் செடியும் மீனும் பறவையும் பிழைக்கிற இடம் எல்லாமே ஈரநிலம்தான். ஏரி, குளம், ஆற்றுத் திட்டு, கழிமுகம், அலையாத்திக் காடு, சேற்றுவெளி என்று எல்லாம் இதில் அடங்கும். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட வரையறையில் நெல் வயல்கூட உண்டு. கோடையில் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற ஏரியும் ஈரநிலம்தான். காய்வதும் நிறைவதும் சேர்ந்ததுதான் ஏரியின் வாழ்க்கை. ஆனால் சட்டப் புத்தகத்தில் சேருமா என்றால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

காவிரியை ஒட்டி முக்கியமான ஈரநிலங்கள் எவை?

மேலிருந்து கீழே வருவோம். கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ரங்கனதிட்டு. ஆற்றின் நடுவிலேயே உள்ள திட்டுகள். பறவை அறிஞர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி 1940இல் சரணாலயமானது.

தமிழ்நாட்டுக்குள் வந்தால் அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி, சுமார் 454 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் அங்கே போய்ச் சேருகிறது. திருவாரூர் மாவட்டத்தில் வடுவூர் ஏரி, சுமார் 113 ஹெக்டேர். அதே மாவட்டத்தில் உதயமார்த்தாண்டபுரம் 44 ஹெக்டேர்தான், ஆனால் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டும் காலத்தில் மரத்தில் இலை தெரியாது, பறவைதான் தெரியும். கடலூர் மாவட்டத்தில் வீராணம். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் பெறுகிறது. அப்புறம் கடல் ஓரத்தில் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே பிச்சாவரம், தெற்கே முத்துப்பேட்டை, கோடியக்கரை.

இவை பெயர் பெற்றவை. இவற்றுக்கு நடுவே பெயர் வெளியே தெரியாத குளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பறவைக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. காலையில் சரணாலயத்தில் இருக்கிற நாரை, மத்தியானம் உங்கள் ஊர்க் குளத்தில்தான் மேயும்.

இந்த ஏரிகளெல்லாம் மனிதன் வெட்டியவைதானே? இதில் இயற்கை எங்கே வந்தது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆமாம், வெட்டியவைதான். வீராணம் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி, பத்தாம் நூற்றாண்டு. அவனுடைய வீரநாராயணன் என்ற பெயரே தேய்ந்து வீராணம் ஆனது. சும்மா இருந்த படையை வைத்து அவன் மகன் ராஜாதித்தன் வெட்டினான் என்று காட்டுமன்னார்கோயில் பக்கம் இன்றும் சொல்வார்கள். ரங்கனதிட்டின் திட்டுகளும் பதினேழாம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் உருவானவை.

ஆயிரம் வருஷம் ஓர் இடத்தில் தண்ணீர் நின்றால் அங்கே கோரை வரும், அல்லி வரும், நத்தை வரும், விரால் வரும், அதைத் தேடி நாரை வரும். மனிதன் வெட்டிக் கொடுத்தான், மற்றவை தாமாக வந்து குடியேறின. மனிதன் கையை எடுத்துவிட்டால் இந்த இயற்கை பிழைக்காது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கரையை ஒருவர் பார்க்க வேண்டும், மதகை ஒருவர் திறந்து மூட வேண்டும், உபரித் தண்ணீர் வழியும் கலிங்கில் அடைப்பு எடுக்க வேண்டும். மலைக்காட்டைப் போல வேலி போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது.

வீராணம் வெட்டிய அதே பராந்தகன் காலத்துக் கல்வெட்டுதான் உத்திரமேரூரில் ஏரி வாரியம் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரே ஆளைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு இறையிலியாக, அதாவது வரியில்லாமல், விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஏரி வெட்டியபோதே பராமரிப்புக்கும் வழி செய்திருக்கிறார்கள். நாம் விட்டது அந்த இடத்தில்தான்.

ராம்சர் அந்தஸ்து என்றால் என்ன? கிடைத்தால் எங்கள் நிலம் போய்விடுமா?

1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில் ராம்சர் என்ற ஊரில் ஈரநிலங்களைக் காக்கக் கையெழுத்தான உடன்படிக்கை அது. இந்தியா 1982இல் சேர்ந்தது. கோடியக்கரைக்கு 2002இல் கிடைத்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், பிச்சாவரம், ரங்கனதிட்டு எல்லாம் 2022இல், கரைவெட்டி 2024இல். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மொத்தம் 20 இடங்கள். இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இவ்வளவு இல்லை.

நிலம் போகாது. பட்டா பட்டாவாகவே இருக்கும், பாசன உரிமையும் அப்படியேதான். பயன்படுத்தாதே என்று அந்த உடன்படிக்கை சொல்லவில்லை, கெடுக்காமல் பயன்படுத்து என்கிறது. ஏரித் தண்ணீரில் குறுவையும் சம்பாவும் போடுவது அதற்கு எதிரானது இல்லை.

ஆனால் அந்தஸ்து வந்ததும் பலகை வைத்து, பார்வைக் கோபுரம் கட்டி, நடைபாதை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. ஒரு சொட்டுத் தண்ணீரும் பலகையால் வருவதில்லை.

சட்டத்தில் எங்கள் ஏரி ஈரநிலமா, இல்லையா?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மத்திய அரசின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் 2017இல் வந்தன. அதன் வரையறையிலேயே சிலவற்றை வெளியே தள்ளிவிட்டார்கள்: ஆற்று வழி, நெல் வயல், குடிநீருக்காகக் கட்டிய நீர்நிலை, உப்பளம், மீன் வளர்ப்புக் குட்டை, அப்புறம் பாசனத்துக்காகவே மனிதர் கட்டிய நீர்நிலை. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டியவைதான். வடுவூரும் கரைவெட்டியும் தப்பித்தது சரணாலயம், ராம்சர் என்ற தனிப் பாதுகாப்பால். பக்கத்து ஊர் ஏரிக்கு அது கிடையாது. நம் ஏரிகளின் வரலாறு தெரிந்தவர் எழுதியிருந்தால் இந்த வரி இப்படி வந்திருக்காது என்பது என் கருத்து.

விதிகளுக்குள் வரும் ஈரநிலங்களுக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. ஆக்கிரமிப்பு, தொழிற்சாலை, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவை விடுவது எல்லாம் தடை. கடந்த பத்து ஆண்டுகளில் கண்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. செயற்கைக்கோள் கணக்கெடுப்பில் வந்த 2,01,503 ஈரநிலங்களையும் இதே கொள்கைப்படி காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2024 டிசம்பரில், ஒவ்வொன்றையும் நேரில் போய் எல்லை குறிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

சரி, எதிலும் வராத ஏரிக்கு? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதற்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு; அங்கே 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் கை கொடுக்கும். புகார் எழுதும் முன் எது யாருடைய ஏரி என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

மேட்டூர் திறந்தும் எங்கள் ஏரி நிரம்பவில்லையே, ஏன்?

பத்தில் ஒன்பது தடவை வரத்து வாய்க்கால்தான் காரணம்.

வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? வேகமாக வராது. தலையில் நுரையும் சருகும் சுள்ளியும் சுமந்துகொண்டு ஊர்ந்து வரும். வெடிப்பில் இறங்கும், நிற்கும், வெடிப்பு நிரம்பியதும் மறுபடி நகரும். நண்டு வளையிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து போவார்கள். யாராவது ஒரு அம்மா பூவும் நெல்லும் தூவுவார். முதல் தண்ணீருக்கு வாய்க்கால் தரையே எதிரி. அந்த நேரத்தில் ஓர் அடைப்பு இருந்தால் போதும், தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து எங்கேயோ போய்விடும். கடைமடை ஏரிக்கு ஈரம்கூட வந்து சேராது.

அந்த அடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வாய்க்காலை மூடிப் போட்ட மனைப்பிரிவுச் சாலை, அதற்குக் கீழே ஒரு சின்னக் குழாய், குழாய் வாயில் பிளாஸ்டிக் பையும் பழைய துணியும். ஏரிக்குள் யாரும் ஓர் அடிகூட ஆக்கிரமிக்கவில்லை, ஆனாலும் ஏரி செத்துவிடும். ஆக்கிரமிப்பு என்றதும் எல்லோரும் ஏரிக்குள்தான் தேடுகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது, கரையிலிருந்து வாய்க்கால் தலைப்பு வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்கள் என்பதுதான். அந்த நடை சொல்லிக் கொடுப்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

இன்னொரு காரணம் மணல். ஆற்றில் மணலை அள்ள அள்ளப் படுகை தாழ்கிறது. வாய்க்காலின் தலை மதகு அதே உயரத்தில் நிற்கிறது. முன்பு முழங்கால் அளவு ஓட்டத்திலேயே வாய்க்காலுக்குள் ஏறிய தண்ணீர், இப்போது ஆற்றில் இடுப்பளவு ஓடினாலும் ஏறுவதில்லை. வாய்க்கால் பார்க்கும் லஸ்கர் யாரையாவது கேளுங்கள், கையை வைத்துக் காட்டுவார் எவ்வளவு இறங்கியது என்று.

காவிரித் தீர்ப்பில் ஏரிக்கும் பறவைக்கும் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது, சிறியதாக. காவிரி நடுவர் மன்றம் 2007இல் பிரித்த 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 என்று ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தபோதும் அந்த 10ஐத் தொடவில்லை. அதை வீராணத்துக்கு இவ்வளவு, அலையாத்திக் காட்டுக்கு இவ்வளவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. டெல்டாவைப் பொறுத்தவரை வயலுக்குத் திறக்கும் தண்ணீரில்தான் பறவையும் பிழைக்கிறது. அதனால் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கிறதா என்பது உழவனுக்கு எவ்வளவு பெரிய செய்தியோ, நாரைக்கும் அவ்வளவு பெரிய செய்தி.

கடலில் கலக்கும் தண்ணீர் வீண்தானே?

இல்லை. வெள்ளக் காலத்தில் லட்சம் கன அடி கொள்ளிடம் வழியாக ஓடும்போது மனசு பதறுவது எனக்கும் புரிகிறது. தேக்கி வைக்க ஏரியும் குளமும் சரியாக இருந்தால் நிறைய மிச்சப்படுத்தலாம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக்கூடாது என்பது ஆபத்தான ஆசை.

முத்துப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரியின் கடைசி விரல்கள் அங்கேதான் காயலில் கை நனைக்கின்றன. அலையாத்தி மரத்துக்கு உப்பும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். இரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. ஆற்றுத் தண்ணீர் வராத வருஷங்கள் தொடர்ந்தால் மண்ணில் உப்பு ஏறும், மரம் குட்டையாகும், கரையோரக் கிணறு கரிக்கும். உப்பு அதோடு நிற்காது, வேதாரண்யம் பக்கம் வயலுக்குள் ஏறி வரும்.

2004 சுனாமியின்போது பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அடியைக் குறைத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை ஏறியபோது முத்துப்பேட்டையும் கோடியக்கரையும் கடுமையாக அடி வாங்கின. நமக்கு விழ வேண்டிய அடியில் ஒரு பங்கை அந்த மரங்கள் வாங்கிக்கொண்டன. அந்த மரங்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பறவைகள் பயிரை அழிக்காதா?

சில அழிக்கும். நீலத்தாழைக்கோழி இளம் நாற்றைப் பிடுங்கித் தின்னும். விவசாயி கோபப்படுவது நியாயம்தான். வாத்துகளும் விதைத்த வயலில் இறங்கும். ஆனால் கொக்கு, நாரை எல்லாவற்றையும் அதே கணக்கில் வைக்கக்கூடாது.

நத்தைக்குத்தி நாரையைப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். வரப்போரம் நத்தையைப் பிடித்து மண்ணில் அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் கூரான நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை ஒட்டிய இடத்தில் அறுக்கும். ஓடு உடையாது. அது போன பிறகு வரப்பில் முழு ஓடுகளாகக் கிடக்கும், யாரோ கழுவி வைத்தது மாதிரி. நாற்றைக் கடிக்கும் நத்தையை இப்படி ஒன்றொன்றாகப் பொறுக்க எந்தக் கூலியாள் வருவார்?

எச்சம் இன்னொரு கொடை. கூடு கட்டிய மரங்களுக்குக் கீழே ஏரித் தண்ணீர் பச்சையாக இருக்கும்; அதே தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும்போது உரமாகப் போகிறது. மடை ஓரம் தவம் செய்கிற குருட்டுக்கொக்குக்கு மடையான் என்று நம் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும், குருணை மருந்து கலந்த இரை வைத்துக் கொல்வதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம். அந்தக் கறியில் மருந்தும் சேர்ந்தே வருகிறது என்பதை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

தூர்வாருவது நல்லதுதானே?

நல்லது, முறையாகச் செய்தால். ஏரியை முழுக்கப் பெட்டி மாதிரி செங்குத்தாகத் தோண்டிவிட்டால் தண்ணீர் நிற்கும், பறவை நிற்காது. நாரைக்கும் அரிவாள்மூக்கனுக்கும் முழங்கால் ஆழம் வேண்டும், உள்ளான்களுக்கு வெறும் ஈரச் சேறு போதும், மூழ்கி இரை தேடும் வாத்துக்குத்தான் ஆழம். ஓரத்தில் சரிவாக விட்டு, நடுவில் ஆழப்படுத்தி, எடுத்த மண்ணில் கொஞ்சத்தை மேடாக்கி நாட்டுக் கருவேலம் வைத்தால் எல்லாருக்கும் இடம் இருக்கும்.

இன்னொன்று, ஏரியின் அடியில் களிமண் படுகை இருக்கும். பேராசையில் அதையும் தாண்டித் தோண்டினால் கீழே மணல் வரும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது. வண்டலை மட்டும் எடுங்கள், வட்டாட்சியர் அனுமதியோடு வயலுக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். அந்த வண்டல் உங்கள் வயலுக்குத்தான் பொன்.

சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் என்ன செய்வது?

ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன் எடுக்க வேண்டும். விதை விழுந்துவிட்டால் பல வருஷம் சேற்றில் உயிரோடு கிடக்கும். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். சாக்கடை கலக்கும் ஏரியில் எத்தனை முறை எடுத்தாலும் வரும். சாக்கடையை நிறுத்துங்கள், பிறகு செடியை எடுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், ஆனால் கூடு இருக்கும் மாதங்களில் தொடக்கூடாது. ஒரேயடியாக எடுக்காமல், நாட்டு மரம் வளர வளரப் பகுதி பகுதியாக எடுங்கள்.

ஏரிக்கும் நம் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஏரிக்கரையில் ஐயனார் ஏன் குதிரையோடு நிற்கிறார்? கரை உடைந்தால் ஊர் போய்விடும், அதனால் காவல் தெய்வத்தைக் கரையில் வைத்தார்கள். ஆடிப்பெருக்கில் காவிரிக்குக் காதோலை கருகமணி வைத்துப் படைப்பது, ஐப்பசி முழுக்க மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நீராடுவது, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பகோணத்தில் மகாமகம் எல்லாமே தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வந்த விழாக்கள். துலாக்கட்டத்தில் ஆழ்துளைக் குழாய்த் தண்ணீரில் முழுக்குப் போட்ட வருஷங்களை நாம் பார்த்துவிட்டோம். அந்தக் காட்சி எனக்கு இன்னும் ஆறவில்லை.

படைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூவும் பழமும் மஞ்சளும் போதும். பாலித்தீன் பை, பிளாஸ்டிக் வளையல், பழைய துணி எல்லாம் ஆற்றில் விட்டால் கடைசியில் ஏதோ ஒரு ஏரியின் மதகில்தான் போய்ச் சிக்கும். சிக்கியதை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுப்பதும் நம்மைப் போல ஒரு மனிதர்தான்.

நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

முதலில் உங்கள் ஏரியின் புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் இணைய சேவையில் அ-பதிவேடும் (நிலத்தின் விவரப் பதிவு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) பார்க்கலாம். வரத்து வாய்க்கால் தனிப் புல எண்ணில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் எங்கே காணாமல் போனது என்று கண்ணுக்குத் தெரியும். தேதியோடு படம் எடுங்கள்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வாய்க்கால் பற்றித் தீர்மானம் போட அதைவிட நல்ல நாள் எது? தீர்மானத்தில் பொதுவாக "நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. புல எண், எத்தனை மீட்டர் அடைபட்டிருக்கிறது, எந்த மாதத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நகலோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.

நாலு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. அதில் ஒருவர் விவசாயி, ஒருவர் மீன் குத்தகை எடுப்பவர், ஒருவர் ஆடு மாடு மேய்ப்பவர் என்று இருந்தால் ஏரியைப் பற்றித் தெரியாத விஷயமே இருக்காது.

எப்போது போனால் பறவைகளைப் பார்க்கலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. விடிந்ததும் ஒரு மணி நேரம், இல்லையென்றால் சாயங்காலம் பறவைகள் அடையத் திரும்பும் நேரம். கரைவெட்டிக்கு ஜனவரியில் போனால் இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகளைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, தப்பவே தப்பாது. வெளிர் நிறச் சட்டை வேண்டாம், ஒலிபெருக்கிப் பாட்டு வேண்டவே வேண்டாம். கரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் அசையாமல் இருங்கள். முதலில் தாழைக்கோழிதான் கோரையை விலக்கிக்கொண்டு வெளியே வரும்.